நாற்பது பரிவலு மோட்டரும் 208 வோல்ற்று லைனும்

இது கொஞ்சம் நீளமான பதிவு, தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கோ. கணக்குப் பிடிக்காத ஆட்கள் நடுவில் வருகிற இலக்கங்களைத் தாண்டிப் போகலாம். ஆனால் என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் தாண்டக் கூடாது.

போன வருசக் கடைசியில் ஒரு நாள் விடியப்புறம், கனடா ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் பழைய மாணவன் ஒருவன் வட்ஸ்அப்பில் எடுத்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். கூடப் படித்த ஆட்களுக்கு வாசித்துக்கொண்டு போகவே யாரென்று பிடிபட்டுவிடும். பிடிபட்டாலும் கீழே எழுதாதேயுங்கோ. மிளகாய்த்தூள், கறித்தூள் அரைத்துத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கிற தொழில் அவனுக்கு. இவ்வளவு காலமும் சின்ன மெசினில் அரைத்து வந்தவன், இப்போது வீட்டின் மேல் இரண்டாவது கடன் எடுத்து, எங்கேயோ மூடுப்பட்ட ஆலை ஒன்றின் பெரிய அரைக்கும் மெசினை ஏலத்தில் வாங்கிவிட்டான். ஐந்து வருச வாடகைக்கு இடமும் எடுத்தாயிற்று. மெசின் வந்து இறங்கி, எலெக்ரீசியன் தகட்டைப் பார்த்த பிறகுதான் கதை தெரிந்தது. மெசினுக்கு வேண்டியது 575 வோல்ற்று. அவனுடைய இடத்தில் இருப்பது 208.

"சேர், றான்ஸ்போமர் ஒண்டு போட்டால் சரி எண்டு எல்லாரும் சொல்லுகினம். ஆனால் எவ்வளவு பெரிசு எண்டதிலை ஆளுக்கொரு கதை. விக்கிறவர் 45 போதும் எண்டுறார். எலெக்ரீசியன் 75க்குக் குறைய எடுக்காதேங்கோ எண்டுறார். ரெண்டுக்கும் விலையிலை பெரிய வித்தியாசம். கையிலை இருக்கிற காசு இதோடை முடியுது. ஆர் சொல்லுறது சரி எண்டு விளங்கினால் நான் நிம்மதியாய் நித்திரை கொள்ளுவன்."

கனடாவில் உரிமம் பெற்ற எலெக்ரீசியன் இருக்க, கலாசாலையில் பயிற்சி எடுத்துப் பத்தாம் வகுப்பு வரை விஞ்ஞானம் படிப்பித்த என்னிடம் ஏன் கேட்கிறாய் என்றேன். "அவர் செய்வார் சேர், விளங்கப்படுத்த மாட்டார்" என்றான். சரி, அது என் வேலைதான்.

முதலில் இந்த 208, 575 என்ற இலக்கங்கள். எங்களுக்கு வீட்டில் 230, மில்லில் திறீ பேஸ் 400 என்று பழக்கம். அங்கே வீட்டுக்கு 120உம் 240உம். சின்னக் கடை, சின்னத் தொழிலிடங்களுக்குத் திறீ பேஸ் 208; அதை 1.73 ஆல் பிரித்தால் 120 வரும், அதுதான் சுவர்ப் பிளக்குக்குப் போவது. பெரிய தொழிற்சாலைகளுக்கு 600. அயலில் இருக்கிற அமெரிக்காவில் அது 480. கனடாக்காரர் 600இல் நின்றுவிட்டார்கள். லைன் 600 என்றாலும் மோட்டரின் தகட்டில் 575 என்றுதான் அடித்திருப்பார்கள். வழியில் கொஞ்சம் வோல்ற்று விழும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து வைத்த இலக்கம் அது. ஆகவே 600ஐப் பார்த்து, 575 மோட்டர் எரிந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அவன் வாடகைக்கு எடுத்த கட்டடத்துக்கு வெளியிலிருந்து வருவதே 600தான். மின்சார அறைக் கதவில் அப்படி எழுதியிருப்பதைப் படமெடுத்து அனுப்பினான். உள்ளே ஒரு றான்ஸ்போமர் அதை 208ஆகக் குறைத்துச் சின்னச் சின்ன இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதைத் திரும்ப இவன் 600ஆகக் கூட்டப் போகிறான்! நேரே 600இல் ஒரு லைன் தரமுடியுமோ என்று கட்டடச் சொந்தக்காரரைக் கேட்டிருக்கிறான். தனி மீற்றர், தனிக் குழாய், மற்ற வாடகைக்காரர் என்று ஆயிரம் காரணம் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

"அப்ப மோட்டரையே 208க்கு மாத்தினால் என்ன?" என்று கேட்டேன். றான்ஸ்போமரை விட அதுதானே நேர்வழி. அரைக்கும் சில்லு மோட்டரின் அச்சிலேயே நேராகப் பூட்டியிருக்கிறதாம். அந்த அச்சுக்கும் முகப்புக்கும் பொருந்துகிற மோட்டரை ஓடர் கொடுத்துத்தான் எடுக்கவேண்டும், மாதக்கணக்கில் நிற்கவேண்டும். வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே றான்ஸ்போமர்தான். புத்தகத்தில் படிகூட்டு நிலைமாற்றி என்று பாடமாக்கினீர்களே, அதே சாமான்.

தகட்டின் படத்தை அனுப்பச் சொன்னேன். 40 பரிவலு, 575 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ், 38 அம்பியர், அதற்குக் கீழே ஒரு மூலையில் ஜீ என்ற ஆங்கில எழுத்து. இந்த எழுத்தை ஞாபகம் வைத்திருங்கோ, பிறகு வருகிறேன்.

அவனுக்கு மனதில் இருந்த முதல் கணக்கு இது: "மோட்டர் 38 அம்பியர் தானே சேர். என்ரை பனல் 200 அம்பியர். தாராளமாய்ப் பத்தும்." பலர் விழுகிற குழி இதுதான். 38 அம்பியர் என்பது 600 பக்கத்தில் ஓடுவது. றான்ஸ்போமர் வலுவை உண்டாக்குவதில்லை. வோல்ற்றைக் கூட்டினால் அதே விகிதத்தில் அம்பியர் குறையும், அவ்வளவுதான். 600ஐ 208ஆல் பிரித்தால் 2.88. அந்தப் பக்கம் 38 அம்பியர் என்றால் இந்தப் பக்கம் 38ஐ 2.88ஆல் பெருக்கி, ஏறக்குறைய 110 அம்பியர். அவனுடைய பனலுக்குத் தெரிவது இந்த 110தான். குளிர் அறை, காற்றாடி, பொதி செய்யிற மெசின், வெளிச்சம் எல்லாம் சேர்த்து ஒரு 45 என்றான். மொத்தம் 155. நாள் முழுக்க ஓடுகிற சுமை என்றால் 200இல் நூற்றுக்கு எண்பது வீதம், அதாவது 160, அதற்கு மேல் போகாமல் வைத்திருப்பதுதான் ஒழுங்கு. மயிரிழையில் தப்பினான். வறுக்கிற அடுப்பு காஸில் ஓடுவது அவன் செய்த புண்ணியம்.

இனி 45ஆ 75ஆ என்ற வழக்கு. இவை கேவிஏ கணக்கு, கிலோவோல்ற்று அம்பியர். ஏன் கிலோவாட் என்று எழுதாமல் இப்படி எழுதுகிறார்கள்? றான்ஸ்போமரின் செப்புக் கம்பியைச் சூடாக்குவது அதனூடாக ஓடுகிற அம்பியர். அந்த அம்பியரில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது, எவ்வளவு மோட்டரின் காந்தப் புலத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது என்பது கம்பிக்குத் தெரியாது. ஆகவே வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கி, திறீ பேஸ் என்றபடியால் 1.73ஆலும் பெருக்குவோம். 575 தர 38 தர 1.73. விடை 37,800 சொச்சம். 38 கேவிஏ என்று வையுங்கோ. பரிவலுவிலிருந்து பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வரும்: ஒரு பரிவலு 746 வாட், 40க்கு ஏறக்குறைய 30 கிலோவாட், மோட்டரின் நட்டத்தையும் வலுக்காரணியையும் சேர்த்தால் 38 கேவிஏ.

அங்கே கடையில் கிடைக்கிற அளவுகள் 30, 45, 75, அதற்குப் பிறகு 112.5. முப்பது பத்தாது. 38க்கு 45 போதும் என்று விற்கிறவர் சொன்னது பொய்யில்லை. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை போதும்.

ஆனால் ஓடுகிற மோட்டர் ஒரு காலத்தில் நின்ற மோட்டராகத்தானே இருந்திருக்கும். எங்கள் ஊரில் பின்னேரம் மில் தொடங்கினால் அயல் வீடுகளில் வெளிச்சம் ஒருக்கால் மங்கி வருமே, நினைவிருக்கா? நின்ற நிலையிலிருந்து எழும்புகிற மோட்டர் தன் வழமையான அம்பியரைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். அந்த மூலையில் இருந்த ஜீ என்ற எழுத்து சொல்வது இதைத்தான்: தொடங்கும்போது ஒவ்வொரு பரிவலுவுக்கும் 5.6 முதல் 6.3 கேவிஏ வரை கேட்பேன் என்கிறது. நடுவில் 6 என்று எடுத்தால் 40க்கு 240 கேவிஏ. 208 பக்கத்தில் அது 660 அம்பியருக்கும் மேலே. 200 அம்பியர் பனலில்!

45 கேவிஏ றான்ஸ்போமரிடம் 240 கேட்டால் அது ஐந்து மடங்குக்கு மேல். சில செக்கன் என்றபடியால் றான்ஸ்போமர் எரியாது, அது தாங்கும். தாங்காதது வோல்ற்று. ஒவ்வொரு றான்ஸ்போமரின் தகட்டிலும் அதன் உள்தடை எத்தனை வீதம் என்று இருக்கும். இவனுக்குக் காட்டிய இரண்டிலும் 5 வீதம். அதை வைத்துப் பார்த்தால் 45இல் தொடங்கும்போது மோட்டருக்குக் கிடைப்பது முழு வோல்ற்றில் 79 வீதம். மோட்டரின் சுழற்றும் பலம் வோல்ற்றின் வர்க்கத்தோடு போவது. 0.79ஐ 0.79ஆல் பெருக்கிப் பாருங்கோ, 62 வீதம். 75 கேவிஏ என்றால் வோல்ற்று 86 வீதம், பலம் 74 வீதம். இதெல்லாம் றான்ஸ்போமரில் மட்டும் விழுகிற கணக்கு. கட்டடத்தின் கம்பியிலும் அங்கே ஏற்கெனவே இருக்கிற குறைக்கும் றான்ஸ்போமரிலும் விழுவது வேறு.

பலம் குறைந்தால் குறையட்டுமே, மெல்ல எழும்பட்டுமே என்று நினைக்கலாம். தண்ணிப் பம்பியென்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். இது அரைக்கிற மெசின். உள்ளே சுத்தியல் மாதிரி இரும்புத் துண்டுகள் தொங்குகிற பாரமான சில்லு. கிறுகத் தொடங்கினால் நிற்காது, நின்றால் இலகுவில் கிறுகாது. பலம் குறையக் குறைய வேகம் ஏற எடுக்கிற நேரம் நீளும். அந்த நேரம் முழுக்க மோட்டர் ஐந்தாறு மடங்கு அம்பியரைக் குடித்துச் சூடாகிக்கொண்டிருக்கும். பாதி வேகத்தில் பிறேக்கர் விழும். திரும்பப் போடுவான், திரும்ப விழும். இரண்டு நாளில் கொயில் கருகும்.

"அப்ப 112 எடுப்பமோ சேர்?" என்றான் உடனே. பயம் வந்தால் மனிசருக்கு எல்லாவற்றிலும் பெரியதுதான் வேணும். அதற்கும் ஒரு தண்டம் உண்டு. றான்ஸ்போமரைச் சும்மா, மோட்டர் இல்லாமலே, சுவிச் போடுகிற முதல் கணத்தில் அதன் இரும்பு காந்தமேற ஒரு பாய்ச்சல் இழுக்கும். அதன் சொந்த அம்பியரைப் போலப் பத்து மடங்கு கூட வரலாம், கண் வெட்டுகிற நேரத்துக்கு. 75 கேவிஏயின் 208 பக்கத்துச் சொந்த அம்பியர் 208. பத்து மடங்கென்றால் 2,000க்கு மேல். 200 அம்பியர் பனலின் பிறேக்கர் இதற்கே விழக்கூடும். 112.5 என்றால் இன்னும் மோசம். அவனுக்கு அமைந்த பனலுக்கு றான்ஸ்போமர் சின்னதாகவும் இருக்கக்கூடாது, பெரிதாகவும் இருக்கக்கூடாது.

இதற்கிடையில் விற்கிறவர் இன்னொரு தூண்டில் போட்டார். பாவித்த 75 கேவிஏ ஒன்று இருக்கிறது, 600ஐ 208ஆகக் குறைக்கிறது, பாதி விலை, தலைகீழாகப் பூட்டினால் கூட்டுகிறதாகிவிடும் என்று. "தலைகீழாய்ப் பூட்டலாம் எண்டு நீங்களே காட்டினனீங்கள் சேர்" என்று என்னையே சாட்சிக்கு இழுத்தான்.

உண்மைதான். 1993 என்று நினைக்கிறேன், பத்தாம் வகுப்பு. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு லைனில் கரண்ட் இல்லை. பற்றரிக்கும் தடை. மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு வரிசை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். அந்தக் காலத்தில் பாடத்திட்டத்தில் நிலைமாற்றி வந்தது. கரும்பலகையில் படம் கீறி விட்டுவிடலாம். எத்தனை நாளுக்குத்தான் படம் கீறுவது? ஒருவரின் பழுதாய்ப்போன றேடியோவிலிருந்து 230ஐ 9 ஆக்குகிற சின்னக் றான்ஸ்போமரைக் கழற்றி எடுத்தேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவின் 6 வோல்ற்றை அதன் 9 வோல்ற்றுப் பக்கத்துக்குக் கொடுத்தோம். 230 பக்கத்து இரண்டு வயறுக்கும் நடுவில் டெஸ்டரின் நியோன் குமிழைப் பூட்டி, பெடியன் ஒருவன் பெடலைச் சுற்றினான். செம்மஞ்சளாக எரிந்தது. ஆறு வோல்ற்றுக்குக் கண்ணே திறக்காத குமிழ். மூன்று வருசம் பல்பு எரியாத ஊரில் அந்த வகுப்பறை போட்ட சத்தம் அதிபர் அறைக்குக் கேட்டது. தொடாதே என்று சொல்லச் சொல்ல அந்த இரண்டு வயறிலும் விரலை வைத்துத் துள்ளினவன் ஒருவன் இருந்தான். முப்பது வருசம் கழித்து 75 கேவிஏ பற்றி என்னோடு கதைப்பவன் அவன்தான்.

தலைகீழாகப் பூட்டினால் வேலை செய்யும். இயற்கை மறுக்காது. ஆனால் எலெக்ரீசியன் வேண்டாமென்றதற்குக் காரணங்கள் இருக்கின்றன, நல்ல காரணங்கள். குறைக்கிற றான்ஸ்போமரில் 600 பக்கம் முக்கோணமாகவும் 208 பக்கம் நட்சத்திரமாகவும் கட்டியிருப்பார்கள். முக்கோணத்துக்கு நடுப்புள்ளி இல்லை. தலைகீழாக்கினால் மோட்டருக்குப் போகிற 600 பக்கம் நிலத்தோடு தொடர்பில்லாமல் அந்தரத்தில் தொங்கும். ஒரு வயர் உடம்பில் முட்டினாலும் பிறேக்கர் விழாது, ஒருவருக்கும் தெரியாது, இரண்டாவது வயரும் முட்டுகிற நாளில்தான் தெரியும். நட்சத்திரத்தின் நடுப்புள்ளியை இந்தப் பக்கம் கட்டடத்தின் நியூற்றலோடு கட்டவும் கூடாது, கட்டினால் தேவையில்லாத ஓட்டம் அதனூடாகப் போகும். அதோடு, உட்பக்கச் சுருளிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது அந்த முதற்கணப் பாய்ச்சல் இன்னும் கூட. அவனுடைய 200 அம்பியர் பனலுக்கு அதுவே யமன். 208 பக்கம் முக்கோணமும் 600 பக்கம் நட்சத்திரமுமாக, கூட்டுவதற்கென்றே கட்டினதை வாங்கினால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. 600 பக்க நடுப்புள்ளியை முறையாக நிலத்தோடு கட்டலாம்.

அப்படியானால் 75 எடுத்தாலும் தொடக்கத்தில் 660 அம்பியர்? அதற்கு எலெக்ரீசியன் ஏற்கெனவே பதில் வைத்திருந்தார். விளங்கப்படுத்தத்தான் அவருக்கு நேரமில்லை, பாவம். றான்ஸ்போமருக்குப் பிறகு, மோட்டருக்கு முன்னால், 600 பக்கத்தில் ஒரு டிரைவ் பெட்டி. அது ஹேர்ட்ஸை அடியிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றி மோட்டரை எழுப்பும். ஆறு மடங்கு என்ற கதையே இல்லை; ஓடும்போது இழுக்கிறதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். "அப்ப டிரைவ் போட்டால் 45 காணுமே" என்று அவன் கேட்டது நல்ல கேள்வி, வகுப்பில் கேட்டிருந்தால் தட்டிக் கொடுத்திருப்பேன். டிரைவ் இழுக்கிற அம்பியர் அழகான அலையாக இராது, நெளிந்து வரும். அந்த நெளிவு றான்ஸ்போமரைக் கூடுதலாகச் சூடாக்கும். 38 கேவிஏயை 45இல் ஏற்றிவிட்டு மேலே இந்தச் சூட்டையும் வைத்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. டிரைவ்காரரும் நடுப்புள்ளி நிலத்தோடு கட்டின 600ஐத்தான் விரும்புவார்கள், ஆகவே தலைகீழ்க் கதையும் அதோடு முடிந்தது.

டிரைவுக்கும் சேர்த்துப் பணம் பிரட்டுவதில் அவனுக்குக் கிழமைக்கணக்கில் கஷ்டம். மனிசியின் நகை இரண்டு அடைவுக்குப் போனது. அதை அவன் சொல்லவில்லை, அவள் சொன்னாள். "மாஸ்டர், நீங்கள் சொன்னால் அவர் கேப்பார், சின்னதை வாங்கச் சொல்லுங்கோவன்" என்று கேட்டவளும் அவள்தான். சின்னதை வாங்கினால் நகையோடு மோட்டரும் போகும் பிள்ளை என்று மட்டும் சொன்னேன். கணக்கு எழுதின தாளைப் படமெடுத்து அவளுக்கும் அனுப்பினேன். அவள் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் நன்றாகச் செய்த பிள்ளை. அரை மணித்தியாலத்தில் "சரி மாஸ்டர், 75" என்று பதில் வந்தது.

பெப்ரவரியில் பூட்டினார்கள். றான்ஸ்போமர் பாய்ச்சலைத் தாங்குகிற மாதிரிச் சரிப்படுத்தக்கூடிய பிறேக்கர் ஒன்றை எலெக்ரீசியன் போட்டார். ஒன்ராறியோவின் மின்பாதுகாப்பு அதிகாரசபையிலிருந்து ஆள் வந்து பார்த்து அனுமதித்த பிறகுதான் சுவிச். அந்தக் காணொளியை அனுப்பினான். மெசின் விமானம் எழும்புகிற மாதிரி மெல்லச் சத்தம் கூடிக்கொண்டு போகிறது. நான் மெசினைப் பார்க்கவில்லை, மேலே இருந்த குழல் விளக்கைப் பார்த்தேன். மங்கவில்லை. றான்ஸ்போமர் மட்டும் மூலையில் இருந்து ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருக்கிறதாம். இரவிலும் நிற்பாட்டுவதில்லை, சும்மா இருக்கும்போது அது குடிக்கிறது இரண்டு மூன்று குண்டு பல்புக்குரிய மின்சாரம்தான், ஒவ்வொரு நாளும் அந்தப் பாய்ச்சலைக் கொடுப்பதைவிட அது பரவாயில்லை. குளிர்காலத்தில் வேலைக்கு வருகிற பெடியள் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் கை சூடாக்குகிறார்களாம்.

போன கிழமை திரும்ப எடுத்தான். 25 பரிவலுவில் இரண்டாவது மெசின் ஒன்று மலிவாக வருகிறதாம், 575தான், 27 அம்பியர். இதே றான்ஸ்போமர் தாங்குமோ என்று கேட்டான். நீயே செய் என்றேன். செய்தான்: 38உம் 27உம் 65 அம்பியர், 65 கேவிஏக்குக் கிட்ட, 75க்குள் அடங்கும். "றான்ஸ்போமர் தாங்கும் சேர்" என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான். பிறகு தானே 2.88ஆல் பெருக்கினான். 187. அதோடு பழைய 45. "பனல் தாங்காது" என்றான். இப்போது 400 அம்பியர் லைனுக்கு என்ன செலவாகும் என்று எலெக்ரீசியனிடம் கேட்டு வைத்திருக்கிறான். மெசின்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.